சிங்கநெஞ்சன் ரிச்சர்ட்: பார்த்துப் பார்த்துக் கட்டிய கோட்டை ஆறு ஆண்டுகூடத் தாங்காதது ஏன்?

பாரிஸிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி, சேன் நதி வளைந்து திரும்பும் இடத்தில் லெசாந்தலி என்றொரு சின்ன ஊர். ஆற்றை ஒட்டிய வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் உச்சியில் ஓர் இடிந்த கோட்டை நிற்கிறது. பெயர் ஷாட்டோ கையார். 800 ஆண்டுகளுக்கு முன்பு இதைக் கட்டியவர், கதைகளிலும் சினிமாவிலும் சிங்கநெஞ்சன் என்று கொண்டாடப்படும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட்.

இங்கிலாந்து மன்னருக்கு பிரான்ஸில் என்ன வேலை?

ரிச்சர்ட் 1157-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா இரண்டாம் ஹென்றி இங்கிலாந்து மன்னர். ஆனா, நார்மண்டியும் ஆன்ஜூவும் அவர் குடும்பச் சொத்து. அம்மா எலியனோர் வழியாக அக்விடைன் வந்து சேர்ந்தது. ஆக, இன்றைய பிரான்ஸின் மேற்குப் பாதி கிட்டத்தட்ட இவர்கள் கையில். காகிதத்தில் மட்டும் அந்த நிலத்துக்கெல்லாம் மேலதிகாரி பிரெஞ்சு மன்னர். சண்டைக்கு வேறு காரணமே தேவையில்லை.

ரிச்சர்ட் வளர்ந்ததும் அக்விடைனில்தான். அங்கே அடங்காத பிரபுக்களின் கோட்டைகளை முற்றுகையிடுவதே அவருக்கு இளமைக்காலத் தொழில். யாராலும் நெருங்க முடியாது எனப்பட்ட தாயேபூர் கோட்டையை 1179-ல் பிடித்தபோது வயது 21. மன்னராக இருந்த 10 ஆண்டுகளில் இங்கிலாந்தில் அவர் தங்கியது மொத்தமே ஆறு மாதம் அளவுக்குத்தான். அந்த நாடு அவருக்குப் பெரும்பாலும் ஒரு பணப்பெட்டி.

1189-ல் முடிசூடியதும் பதவிகளையும் நிலங்களையும் விற்றுக் காசு திரட்டி, மூன்றாம் சிலுவைப்போருக்குக் கிளம்பினார். 1191-ல் ஆக்ரே நகரம் விழுந்தது. சரணடைந்தவர்களில் சுமார் 2,700 கைதிகளை வெட்டிக் கொல்ல உத்தரவிட்டதும் அவர்தான். வீரக் கதை சொல்பவர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

சிறையில் மன்னர், பறிபோன எல்லை

ஊர் திரும்பும் வழியில், 1192 டிசம்பரில், மாறுவேடத்தில் இருந்தவரை வியன்னா அருகே ஆஸ்திரிய கோமகன் லியோபோல்டின் ஆட்கள் பிடித்தார்கள். டான்யூப் நதிக்கரையில் டியூர்ன்ஸ்டைன் கோட்டையில் அடைத்துவைத்து, பிறகு ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். விடுதலைக்குக் கேட்ட தொகை 1,50,000 மார்க். இங்கிலாந்தில் வருமானத்திலும் உடைமையிலும் கால் பங்கு வரி போட்டார்கள். தேவாலய வெள்ளிப் பாத்திரங்கள், துறவிகள் வளர்த்த ஆடுகளின் கம்பளி என எதுவும் மிஞ்சவில்லை. 1194 பிப்ரவரியில்தான் ரிச்சர்ட் வெளியே வந்தார்.

அதற்குள் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் சும்மா இருக்கவில்லை. நார்மண்டியின் எல்லைக் காவலாக இருந்த கிசோர் கோட்டை 1193-ல் அவர் கைக்குப் போய்விட்டது. இனி பாரிஸிலிருந்து நதியோரமாகவே வந்தால், நார்மண்டியின் தலைநகர் ரூவான் வரை தடுக்க ஆள் இல்லை. அந்த வழியை அடைக்கத்தான் ஷாட்டோ கையார்.

இடத்தில் இரண்டு சிக்கல். அங்கே கோட்டை கட்டக் கூடாது என்று 1196-ல் பிலிப்புடன் போட்ட ஒப்பந்தம் சொன்னது. தவிர, நிலம் ரூவான் பேராயருடையது. ரிச்சர்ட் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. பேராயர் கோபத்தில் நார்மண்டி முழுக்கத் தேவாலயச் சடங்குகளை நிறுத்தினார். கடைசியில் போப் வரை பஞ்சாயத்து போய், தியெப் துறைமுகத்தையும் சில பண்ணைகளையும் கொடுத்து நிலத்தை வாங்க வேண்டியதாயிற்று.

1196-லிருந்து 1198-க்குள் வேலை முடிந்தது. செலவு சுமார் 12,000 பவுண்டு. தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்துக் கோட்டைகளுக்கு அவர் செலவழித்ததோ ஏறக்குறைய 7,000 பவுண்டுதான். கல் உடைப்பவர், தச்சர், கொல்லர், தண்ணீர் சுமப்பவர் என எல்லாருக்கும் கொடுத்த கூலி கணக்கில் இருக்கிறது. தலைமைக் கட்டுநர் என்று ஒரு பெயர் மட்டும் கிடையாது. அதனால், திட்டம் போட்டதே ரிச்சர்டாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் ஊகம்.

ஒன்றுக்குள் ஒன்றாக அரண்கள், நடுவே பாறையில் வெட்டிய அகழிகள். உள்மதில்தான் விசேஷம். நேர்சுவராக இல்லாமல், அரைவட்டங்களை வரிசையாக ஒட்டியதுபோல அலையலையாகக் கட்டியிருக்கிறார்கள். எறிகருவி வீசும் கல் வளைவில் பட்டுச் சறுக்கிவிடும். மதிலடியில் எதிரி ஒளிந்துகொள்ள மூலையும் இருக்காது. வாழ்நாள் முழுக்கக் கோட்டைகளைத் தாக்கியவருக்குத்தான் இப்படி யோசிக்க வரும்.

கவசமில்லாத ஒரு மாலை

1199 மார்ச் 26. லிமோஜ் பிரபுவின் கலகத்தை அடக்கப் போன ரிச்சர்ட், ஷாலு என்ற சிறிய கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே இருந்தது சில டஜன் பேர்தான். சாயங்காலம் நிலவரம் பார்க்க, தலைக்கவசமும் கேடயமும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். உடம்பில் இரும்புச் சட்டை இல்லை. மதில்மேல் ஒருவன் சமையல் வாணலியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நின்றதாகக் கதை. அவன் விட்ட குறுக்குவில் அம்பு மன்னரின் தோளில் பாய்ந்தது. அதைப் பிடுங்கியதில் காயம் மோசமாகி, சதை அழுகி, ஏப்ரல் 6-ல் உயிர் போனது. வயது 41.

பட்டத்துக்கு வந்தவர் தம்பி ஜான். 1203-ல் பிலிப் படையுடன் கையாரைச் சூழ்ந்தபோது, ஆற்றுவழியே ஜான் அனுப்பிய உதவிப்படை நீரோட்டத்தைக் கணிக்கத் தவறித் தோற்றது. டிசம்பரில் அவர் இங்கிலாந்துக்கே போய்விட்டார்.

கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஊர்மக்களை, உணவு தீர்ந்துவிடும் என்று காவல் தளபதி ரோஜர் டி லேசி வெளியே அனுப்பினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. பிறகு பிலிப் தடுத்துவிட்டார். பின்னால் கதவு சாத்தியாயிற்று, முன்னால் எதிரி. நடுக்குளிரில் நூற்றுக்கணக்கான பேர் இரண்டு படைகளுக்கும் நடுவே வாரக்கணக்கில் கிடந்தார்கள். பாதிப்பேர் பட்டினியில் செத்த பிறகே பிலிப் மனமிரங்கிச் சோறு போட்டார்.

வெளி அரண் சுரங்கம் தோண்டிச் சாய்க்கப்பட்டது. அடுத்த அரணுக்குள் வீரர்கள், ஜான் பிற்பாடு கட்டிய கட்டடம் வழியாக நுழைந்தார்கள். ஜன்னல் வழி என்று ஒரு கதை, கழிப்பறைத் துவாரம் என்று இன்னொரு கதை. உள்மதிலில் ஒரு பிழை இருந்தது: வாசலுக்குப் போகும் பாலம் பாறையிலேயே செதுக்கியது. சுரங்கம் தோண்டியவர்களுக்கு அதுவே கூரையாகிவிட்டது. 1204 மார்ச் 6-ல் கோட்டை விழுந்தது. ஜூனில் ரூவான். நார்மண்டி போயே போச்சு.

1599-ல் பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்க உத்தரவிட்டார். பெயர்த்த கற்கள் மடம் கட்டப் போயின. 1862-ல் மிச்சத்தை அரசு பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. மையக் கோபுரத்தின் பெரும்பகுதியும் அலைமதிலில் கொஞ்சமும் இன்றும் நிற்கின்றன. ஷாலுவில் வட்டக் கோபுரம் ஒன்று மிச்சம். டியூர்ன்ஸ்டைனும் இடிபாடுதான்.

ரிச்சர்டின் உடல் ஃபோன்டெவ்ரோ மடத்தில், குடல் ஷாலுவில், இதயம் ரூவான் தேவாலயத்தில் எனப் பிரித்துப் புதைத்தார்கள். ஈயப் பேழையில் வைத்த இதயம் 1838-ல் கிடைத்தது. வெறும் தூளாக இருந்த அதை 2013-ல் பரிசோதித்தபோது சாம்பிராணி, புதினா, பாதரசத்தின் தடயங்கள் தெரிந்தன. லெசாந்தலியிலிருந்து ரூவானுக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.