சட்டத்தை நம்பிய டாக்டர் மொஸாதெக்

அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் உள்ள பகைமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1979-ம் வருஷத்திலிருந்தே கதையைத் தொடங்குகின்றனர். அவ்வருஷம் நவம்பர் 4-ந் தேதி தெஹ்ரானிலுள்ள அமெரிக்க ஸ்தானீகராலயத்தை மாணவர்கள் கைப்பற்றியதும், 52 அமெரிக்கர்கள் 444 நாள் சிறைப்பட்டிருந்ததும் உலகமறிந்த விஷயங்கள். ஆனால், வியாஜ்யம் எப்பொழுது பிறந்தது என்று விசாரியாமல் தீர்ப்புக் கூறுவது நியாயமாகாது. அது பிறந்தது 1953-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில். அதில் பெருநஷ்டம் அடைந்தவர் ஈரானின் பிரதம மந்திரி டாக்டர் முகம்மது மொஸாதெக். அவருடைய சரித்திரத்தை நேயர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

மொஸாதெக் 1882-ல் தெஹ்ரானில் பிறந்தார். தந்தை சர்க்கார் வரவு செலவு இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். தாய் கஜார் ராஜவம்சத்தவர். 1906-ல் பாரசீக ஜனங்கள் போராடி அரசியல் சட்டம் பெற்றபொழுது இஸ்பஹான் நகரம் இவரைத் தன் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 30 வயது நிரம்பவில்லை என்ற காரணத்தால் இவர் சபையில் அமர முடியவில்லை. சட்டத்தின் தடையை முதன்முதலில் தாமே அனுபவித்த இவர், சட்டத்தையே கற்கத் தீர்மானித்துப் பாரிஸுக்கும், பின்னர் சுவிட்ஸர்லாந்தில் உள்ள நூஷாடெல் சர்வகலாசாலைக்கும் சென்று டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பியதும் 1914-ல், அந்நியர்கள் ஈரானின் நீதிஸ்தலங்களுக்குக் கட்டுப்படாமல் இருந்துவந்த விசேஷ உரிமையைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

1925-ல் ரேஸா கான் என்ற சேனாதிபதி சிங்காதனம் ஏற விரும்பியபோது, சபையில் எழுந்து எதிர்த்த மிகச் சிலரில் மொஸாதெக் ஒருவர். அரசர் பதவியும் ஆட்சி அதிகாரமும் ஒரே கையில் சேருமானால் அரசியல் சட்டம் வெறும் காகிதமாகிவிடும் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்குக் கிடைத்த பரிசு நீண்ட காலம் பொதுவாழ்வை விட்டு ஒதுங்கியிருந்ததும், 1940-ல் சிறைவாசமும். ரேஸா ஷா முடிதுறந்தபின் அவர் மீண்டும் சபைக்கு வந்தார். 1944-ல் ருஷ்யா வடபகுதி எண்ணெயைக் கேட்டபொழுது, சபையின் சம்மதமின்றி எந்த மந்திரியும் அந்நியருடன் எண்ணெய்ப் பேரம் பேசலாகாது என்று சட்டம் நிறைவேற்றியவர் இவரே. இவரைப் பிற்காலத்தில் கம்யூனிஸ்டுகளுக்கு வழிவிட்டவர் என்று தூற்றியவர்கள் இதை மறந்தனர்.

எண்ணெயின் கதை 1901-ல் தொடங்குகிறது. டார்ஸி என்பவர் பாரசீகத்தின் பெரும் பகுதியில் எண்ணெய் எடுக்கும் உரிமையை 60 வருஷத்துக்குப் பெற்றார். 1908-ல் எண்ணெய் கண்டது. 1914-ல் பிரிட்டிஷ் சர்க்காரே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிற்று. 1933-ல் செய்த புது ஒப்பந்தம் குத்தகையை 1993 வரை நீட்டியது. பூமி ஈரானுடையது, ஆயினும் கம்பெனி ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிட பிரிட்டிஷ் சர்க்காருக்குச் செலுத்திய வரி அதிகமாயிருந்தது. 1951 மார்ச்சு மாதத்தில் சபை எண்ணெய்த் தொழிலை தேசவுடைமையாக்கிற்று. ஏப்ரலில் மொஸாதெக் பிரதம மந்திரியானார். அச்சட்டத்திலேயே கம்பெனியின் நஷ்டஈட்டுக்காக வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. இது கொள்ளை என்று கூச்சலிட்டவர்கள் அந்த ஷரத்தைப் படித்தார்களா என்பது நமக்குச் சந்தேகமே.

பிரிட்டன் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தினிடம் முறையிட்டது. மொஸாதெக் 1951 அக்டோபரில் தாமே நியூயார்க் சென்று பாதுகாப்புச் சபையில் வாதாடினார். சபை விஷயத்தை ஒத்திவைத்தது. பின்னர் பிலடெல்பியாவில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் பிறந்த மண்டபத்தைத் தரிசித்து, வாஷிங்டனில் ஜனாதிபதி ட்ரூமனையும் சந்தித்தார். அன்று ஈரானியர் அமெரிக்காவை நண்பனாகவே எண்ணினர். 1911-ல் பாரசீகப் பொக்கிஷத்தை ஒழுங்குசெய்ய வந்து, ருஷ்யாவின் நிர்ப்பந்தத்தால் வெளியேற்றப்பட்ட அமெரிக்கர் ஷுஸ்டரை அவர்கள் மறக்கவில்லை. 1952 ஜூலை 22-ந் தேதி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம், 1933-ம் வருஷத்து ஒப்பந்தம் இரு தேசங்களின் உடன்படிக்கையல்ல, ஒரு சர்க்காரும் ஒரு கம்பெனியும் செய்துகொண்ட குத்தகைதான் என்றும், ஆகவே வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றும் 9-க்கு 5 என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. அந்த ஒன்பதின்மரில் ஒருவர் ஆங்கில நியாயாதிபதி மக்நேர் என்பது குறிப்பிடத்தக்கது.

சட்டம் வென்றது, ஆனால் எண்ணெய் விற்கவில்லை. பிரிட்டனின் பகிஷ்காரத்தால் பொக்கிஷம் வறண்டது. இந்த நெருக்கடியில் மொஸாதெக் செய்த பிழைகளையும் நாம் மறைக்க விரும்பவில்லை. உலக பாங்கியின் சமரச யோசனையை அவர் தள்ளினார். சபையிடம் விசேஷ அதிகாரங்களைப் பெற்றார். 1953 ஆகஸ்டில் சபையைக் கலைக்க ஜனவாக்கு எடுத்தபோது, ஆம் என்போருக்கும் இல்லை என்போருக்கும் தனித்தனிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. இரகசிய வாக்கின் தத்துவத்துக்கே இது விரோதம். வாழ்நாளெல்லாம் சட்டத்தைக் காத்தவர் கடைசி மாதத்தில் அதை நெகிழவிட்டது வருந்தத்தக்கதே.

ஆனால் அவரை வீழ்த்தியது ஈரானின் சட்டமன்று. ட்ரூமனுக்குப்பின் வந்த ஐஸனோவர் சர்க்கார், கம்யூனிஸ்டு பயத்தாலும் பிரிட்டனின் தூண்டுதலாலும் தனது உளவு ஸ்தாபனத்தை ஏவிற்று. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டின் பேரர் கெர்மிட் ரூஸ்வெல்ட் தெஹ்ரானில் இருந்து காரியத்தை நடத்தினார். பத்திரிகைகளுக்கும், பிரமுகர்களுக்கும், தெரு ரௌடிகளுக்கும் பணம் பாய்ந்தது. ஆகஸ்டு 15-ந் தேதி இரவு நடந்த முதல் முயற்சி தோற்று, ஷா பாக்தாதுக்கும் ரோமுக்கும் ஓடினார். 19-ந் தேதி இரண்டாவது முயற்சி பலித்தது. 1954-ல் ஏற்பட்ட புதிய எண்ணெய்க் கூட்டுறவில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 100-க்கு 40 பங்கு கிடைத்தது.

மொஸாதெக் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கும் அவர் கேட்டது, சட்டபூர்வமான பிரதம மந்திரியை விசாரிக்க அந்த மன்றத்துக்கு என்ன அதிகாரம் என்பதே. மூன்று வருஷம் சிறையும், பின்பு அஹமதாபாத் கிராமத்தில் ஆயுள்பரியந்தம் வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. 1952 ஜூலையில் தமக்காக உயிர்நீத்தோர் அருகே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்ற அவர் விருப்பம் மறுக்கப்பட்டது. 1967 மார்ச்சு 5-ந் தேதி இறந்த அவரைத் தம் வீட்டுப் போஜன அறையிலேயே புதைத்தார்கள்.

அவர் உயிரோடிருந்தபோதே, 1964-ல், ஷா சர்க்கார் அமெரிக்க ராணுவத்தினரை ஈரான் நீதிஸ்தலங்களின் விசாரணைக்கு அப்பாற்பட்டவராக்கிற்று. ஐம்பது வருஷத்துக்கு முன் மொஸாதெக் எதிர்த்தெழுதிய அதே தீமை! அதைக் கண்டித்து நாடுகடத்தப்பட்டவரே கொமெய்னி. சட்டம் கற்ற மிதவாதியின் வாயை அடைத்தவர்கள், அவ்விடத்தில் யார் வந்து நிற்பார் என்று யோசிக்கவில்லை. 1979 அக்டோபரில் அமெரிக்கா ஷாவுக்கு இடமளித்தபோது, 1953 மறுபடியும் வருகிறதென்று மாணவர்கள் பயந்தனர். ஸ்தானீகரைச் சிறைபிடிப்பதை எந்தச் சட்டமும் ஒப்பாது; நாமும் ஒப்பவில்லை. ஆனால் அந்தப் பயம் கற்பனையன்று. 2000-ல் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஆல்பிரைட் தம் தேசத்தின் பங்கை ஒப்புக்கொண்டார். 2013-ல் உளவு ஸ்தாபனத்தின் தஸ்தாவேஜுகளே அதை உறுதிசெய்தன. 2015-ல் எழுதிய அணுசக்தி ஒப்பந்தத்தை 2018-ல் அமெரிக்கா கைவிட்டதும், 2025 ஜூனில் ஈரானின் அணுசக்தி நிலையங்கள்மீது குண்டு வீசியதும் அந்த அவநம்பிக்கையை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை.

புரட்சிக்குப்பின் தெஹ்ரானின் பெரிய ராஜபாட்டைக்கு மொஸாதெக் பெயரைச் சூட்டினர். சிறிது காலத்தில் அதை எடுத்தும்விட்டனர். அந்நிய வல்லரசுக்கும் அவர் வேண்டாதவர். சொந்த தேசத்தின் கொடுங்கோன்மைக்கும் வேண்டாதவர். அதுவே அவர் பெருமை. அந்நியரை எதிர்ப்பவர்கள் உள்நாட்டில் சட்டத்தை அரைநாளும் தளரவிடலாகாது. பிற தேசத்தின் சட்டத்தை மிதிக்கும் வல்லரசு தன் பாதுகாப்பையே மிதிக்கிறது. இவ்விரண்டையும் தேசத்தொண்டர்கள் அவர் வாழ்விலிருந்து கற்பார்களாக.