வங்கம் தந்த கல்விப் பெரியார் ஆசுதோஷ் முகர்ஜி

சர்வகலாசாலை என்றதும் வகுப்புகளும், ஆராய்ச்சிக் கூடங்களும், நூல் நிலையமும் நம் கண்முன் தோன்றுகின்றன. ஆனால், 1857-இல் நிறுவப்பெற்ற கல்கத்தா சர்வகலாசாலை நெடுங்காலம் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் காரியாலயமாகவே இருந்தது. அதனைக் கலைமகளின் கோயிலாக மாற்றியமைத்த பெருமை ஸர் ஆசுதோஷ் முகர்ஜி அவர்களையே சாரும்.

1864 ஜூன் 29-ஆம் நாள் கல்கத்தாவில், மருத்துவர் கங்காபிரசாதருக்கும் ஜகத்தாரிணி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். மாணவப் பருவத்திலேயே கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதிப் புகழ் பெற்றார். உள்ளம் நாடியது கணிதம். வாழ்க்கை அழைத்ததோ சட்டம். 1904-இல் ஹைகோர்ட் நீதிபதியானார். பகலெல்லாம் நியாயாசனத்தில் அமர்ந்தவர், எஞ்சிய பொழுதைக் கல்விக்கே ஈந்தார். 1906 முதல் 1914 வரையிலும், மீண்டும் 1921 முதல் 1923 வரையிலும் துணைவேந்தராகத் தொண்டாற்றினார்.

அவர்மீது கொண்ட நம்பிக்கையால் தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் வழக்கறிஞர் இருவர் தாம் ஈட்டிய செல்வத்தை லட்சக்கணக்கில் வழங்கினர். 1914-இல் விஞ்ஞானக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. மேகநாத சாஹா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய இளைஞர்களை அங்கே ஆசிரியர்களாக்கினார்.

தமிழராகிய நாம் மறக்கலாகாத செய்தி ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. ராமன், கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கிலாகா அதிகாரியாயிருந்து, ஓய்வு நேரங்களில் பௌபஜார் ஆய்வுக்கூடத்தில் உழைத்து வந்தார். அவருடைய திறனை அறிந்த ஆசுதோஷர், பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார். வெளிநாட்டுப் பயிற்சி வேண்டும் என்ற விதியும் ராமனுக்காகத் தளர்த்தப்பெற்றது. குறைந்த சம்பளமாயினும் 1917-இல் ராமன் அதனை ஏற்றார். 1930-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. திருத்தணியிற் பிறந்த ராதாகிருஷ்ணனைத் தத்துவப் பேராசிரியராக 1921-இல் வரவழைத்தவரும் ஆசுதோஷரே. அவர் தேடியது தகுதியை, மாகாணத்தை அன்று.

தாய்மொழிக்குப் பரீட்சையில் இடம் கோரி 1891-இல் அவர் கொணர்ந்த யோசனையைச் செனட் சபை ஏற்கவில்லை. எனினும் மனம் தளராது, பிற்காலத்தில் இந்திய மொழிகளில் எம்.ஏ. வகுப்பே தொடங்கச் செய்தார். இளமையிலேயே விதவையான தம் மகளுக்கு, ஊராரின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது, 1908-இல் மறுமணம் செய்வித்தார். சபையில் ஒன்று, வீட்டில் ஒன்று என அவர் வாழ்ந்தாரில்லர்.

1922-இல் சர்வகலாசாலை பெரும் பணமுடையில் இருந்தது. அந்நிலையிலும், நிபந்தனைகளோடு அரசாங்கம் அளிக்க முன்வந்த மானியத்தை மறுக்கும்படி செனட் சபைக்கு வழிகாட்டினார். மறு ஆண்டு, அரசாங்கத்திற்கு இணங்கி நடப்பதானால் மீண்டும் துணைவேந்தர் பதவி தருவதாகக் கவர்னர் லிட்டன் பிரபு எழுதினார், அதனையும் உதறினார். மக்கள் அவரை வங்கப் புலி என்றது பொருத்தமேயன்றோ!

1924 மே 25-ஆம் நாள், வழக்கொன்றின் பொருட்டுப் பாட்னா சென்றிருந்தபோது மறைந்தார். பிறந்த மண்ணை விட்டு வந்து பிழைக்கும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், திறமைக்கு எங்கும் இடமுண்டு என்பதை அவர் வரலாற்றால் அறிவார்களாக. அவ்விடத்தை அளிக்கும் நெஞ்சம் படைத்தோரும் வேண்டும் என்பதைப் பெரியோர்களாகிய நாம் அறிவோமாக.