செப்புத் தகட்டில் மாமல்லை: தாமஸ் டேனியல் சரித்திரம்

சதுரங்கப்பட்டினத்திலே கோட்டை அமைத்த ஒல்லாந்தரது நாட்டில், 17-ஆம் நூற்றாண்டில், ஆட்ரியன் வான் ஒஸ்டாட் என்னும் ஓவியர் எளிய குடியானவரின் வாழ்க்கையைச் செப்புத் தகட்டில் அமிலங்கொண்டு பொறித்துப் புகழ்பெற்றார். அவ்வினத்துக் கலையாலேயே, அக்கோட்டைக்கு வடக்கிலுள்ள மாமல்லபுரத்துப் பாறைகளை மேனாட்டார் கண்முன் நிறுத்தியவருள் ஒருவர் தாமஸ் டேனியல்.

இவர் 1749-இல் இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிங்ஸ்டன் நகரில், விடுதி நடத்திய ஒருவருக்கு மகனாகத் தோன்றினார். இளமையில் வண்டிகளுக்கு வர்ணந்தீட்டும் தொழிலைப் பயின்று, 1773-இல் இராயல் அகாடமி கலாசாலையிற் சேர்ந்தார். ஆயினும் தம் நாட்டில் ஆதரவு போதாமையால், 1785-இல் தமையன் மைந்தரான வில்லியம் என்னும் இளைஞரை உடனழைத்துக் கப்பலேறினார். சீனம் வழியாக மறுவருடம் கல்கத்தா சேர்ந்தார்.

அங்கே அந்நகரின் பன்னிரண்டு காட்சிகளை அச்சிட முற்பட்டபோது, அத்தொழிலறிந்தார் எவருமிலர். எனவே, ஓவியர், செதுக்குநர், அச்சர் ஆகிய அனைவர் வேலையையும் அவரே கற்றுச் செய்ய நேர்ந்தது. 1788-இல் அது நிறைவேறியது. பின்னர் இருவரும் இமயச் சாரல் வரை யாத்திரை செய்தனர். வரைந்த படங்களை லாட்டரி மூலம் விற்று வழிச்செலவுக்குப் பொருள் தேடினர். 1792-இல் சென்னை வந்து, தென்னாட்டு மலைகளையும் மதுரை முதலிய கோயிற்றலங்களையும் கண்டு, மாமல்லையின் கற்சிற்பங்களையும் வரைந்தனர்.

1794-இல் தாய்நாடு மீண்டபின் தொடங்கியதே உண்மையான உழைப்பு. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடி தூவிச் சூடேற்றி, அமிலத்தில் இட்டால், பொடிமணிகளின் இடைவெளிகள் மட்டும் அரிக்கப்படும்; அதனால் நீர்வர்ணம் போன்ற மென்னிழல் தாளிற் பதியும். வில்லியம் பல்லாண்டுகள் விடியல் முதல் நள்ளிரவு வரை இவ்வேலையில் ஈடுபட்டார். இவ்வாறு 1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. மாமல்லபுரத்துச் சிற்பப் பாறைகள் 1799-இல் அச்சேறின. அவ்வாண்டே தாமஸ் அகாடமியின் முழு உறுப்பினரானார்.

மணம்புரியாது வாழ்ந்த தாமஸ், தமக்கு மகன்போலிருந்த வில்லியம் 1837-இல் மறையக் கண்டார்; 1840-இல், தொண்ணூறு பிராயத்தை எட்டித் தாமும் காலமானார்.

புகைப்படக்கருவி தோன்றுமுன் நம் நாட்டுக் கோயில்களும் கோட்டைகளும் இருந்த நிலையை நாம் அறிதற்கு இப்படங்கள் பெரிதும் துணைபுரிகின்றன. வண்டிக்கு வர்ணமிட்ட கை இதனைச் சாதித்தது. பயின்ற தொழில் சிறிதென எண்ணி ஊக்கங்குன்றும் மாணவர்க்கு இச்சரித்திரம் நல்லதோர் துணையாகும்.