போட்டியாளருக்கு 'பிளக்' கொடுத்த விமானி

1930-ம் ஆண்டு, மே மாதம். எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கியது. அதில் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் ஜே.ஆர்.டி. டாட்டா. வயது 25.

அது பந்தயப் பயணம். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாக விமானம் ஓட்டி முந்துகிற இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்து இருந்தார். டாட்டா கராச்சியில் இருந்து லண்டனுக்குப் போய்க்கொண்டு இருந்தார்.

அபூகிரில் இன்னொரு விமானம் கிளம்ப முடியாமல் நின்றது. அதன் விமானி ஆஸ்பி என்ஜினீயர். 17 வயதுப் பையன். லண்டனில் இருந்து கராச்சிக்குப் போகிறவர். அவரும் அதே பந்தயத்தில் இருந்தார்!

என்ஜினில் பெட்ரோலைப் பற்ற வைக்கும் பிளக் கெட்டுவிட்டது. மாற்றுப் பிளக் இல்லை. பையன் தவித்துக்கொண்டு இருந்தான்.

டாட்டா பேசாமல் போயிருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால், தம்மிடம் உபரியாக இருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு ஆஸ்பி, கடலில் விழுந்தால் மிதக்க உதவும் தன் சட்டையை அவருக்குக் கொடுத்தார். இருவரும் எதிர் எதிர்த் திசையில் பறந்தார்கள்.

சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி ஜெயித்தார். டாட்டா தோற்றார். அந்த ஆஸ்பிதான் பிறகு, 1960 முதல் 1964 வரை, இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர்.

முதல் லைசென்சு

டாட்டா 1904 ஜூலை 29-ந் தேதி பாரீசில் பிறந்தார். தந்தை பார்சி, தாய் பிரெஞ்சுப் பெண். சிறு வயதிலேயே அவருக்கு விமானப் பித்து பிடித்துவிட்டது. பம்பாயில் விமானச் சங்கம் தொடங்கியதும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். மூன்றே முக்கால் மணி நேரப் பயிற்சிதான். உடனே தனியாகப் பறந்தார்! 1929 பிப்ரவரி 10-ந் தேதி லைசென்சு கிடைத்தது. இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி லைசென்சு அது. எண் 1.

பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு என்று பலர் நினைத்து இருப்பார்கள். டாட்டா அதைத் தொழிலாக்கினார்.

சென்னைக்கு வந்த தபால்

இங்கிலாந்துத் தபால் விமானத்தில் கராச்சி வரை வந்தது. அங்கிருந்து தெற்கே ரெயில்தான். சென்னைக்குக் கடிதம் வந்து சேர நாள் பிடிக்கும். அதையும் விமானத்தில் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னவர், நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் படை விமானி. சர்க்கார் மானியம் தர மறுத்தது. டாட்டா, மானியமே வேண்டாம் என்று இறங்கினார்.

1932 அக்டோபர் 15-ந் தேதி காலை கராச்சியில் இருந்து டாட்டாவே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ஆமதாபாத்தில் இறங்கினார். அங்கு பெட்ரோல் எதில் வந்தது தெரியுமா? மாட்டு வண்டியில், டின் டின்னாக! மணலி சுத்திகரிப்பு ஆலையில் விமான எரிபொருள் தயாராவதை அறிந்த மணலி புதுநகர் மக்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

பகலில் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை ஏற்றிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். விமானத்தில் ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ஆறும் ரெயில் பாதையும்தான் வழிகாட்டி. பம்பாய் ஜுஹுவில் இறங்கும் இடம் வெறும் மண் தரை. மழைக்காலத்தில் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது பூனாவுக்குப் போனார்கள். தபால் நிற்கவில்லை.

இந்தத் தபால் கம்பெனிதான் வளர்ந்து ஏர்-இந்தியா ஆயிற்று. 1953-ல் அது அரசுடைமை ஆயிற்று. எடுத்துக்கொண்ட முறை டாட்டாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலைவர் பதவியை ஏற்று 1978 வரை உழைத்தார். விமானத்தில் ஏறினால் திரைச்சீலையில் இருந்து தேநீர் வரை பார்த்துக் குறிப்பு எழுதிவிடுவார்.

1982 அக்டோபர் 15. முதல் தபால் பறந்து சரியாக 50 ஆண்டு. டாட்டாவுக்கு வயது 78. இளைஞர்களிடம் பழைய துணிச்சலும் ஆர்வமும் குறைந்துவிட்டதாக அவருக்கு ஒரு மனக்குறை. ஒரு பழைய சின்ன விமானத்தில் ஏறினார். கராச்சியில் இருந்து பம்பாய்க்கு, அதே வழியில், தன்னந்தனியாகப் பறந்து வந்து ஜுஹுவில் இறங்கினார்.

1993 நவம்பர் 29-ந் தேதி ஜெனீவாவில் காலமானார். பிறந்த ஊரான பாரீசிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.