ஊனும் புழுவும்: பிரான்செஸ்கோ ரெடியின் வரலாறு

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்தது போடிநாயக்கனூர். ஆட்டிறைச்சியைக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றிற் கோத்து உலர்த்தி உப்புக்கண்டமாக்குதல் இப்பக்கத்து இல்லங்களில் நெடுநாளைய வழக்கம். அடிவாரத்து வெயிலில் அது விரைந்து உலரும். மழையும் மூடுபனியும் மிக்க ஏலமலைச் சரிவிலோ ஈரம் எளிதிற் போகாது. இரண்டொரு நாளிற் புழு நெளியவும் காணலாம். அப்புழு எங்கிருந்து வந்தது? இறைச்சி கெட்டமையால் அது தானே தோன்றிற்று என்பார் இன்றும் உளர். இவ்வினாவிற்குச் சோதனை வாயிலாக விடை கண்ட இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

ரெடி 1626-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18-ஆம் நாள் டஸ்கனி நாட்டு அரெட்சோ நகரிற் பிறந்தார். பைசா பல்கலைக்கழகத்திற் பயின்று, 1647-இல் மருத்துவத்திலும் தத்துவத்திலும் பட்டம் பெற்றார். பின்னர்ப் பிளாரன்ஸ் நகரில், மெடிச்சி மரபினரான இரண்டாம் பெர்டினாண்டு, மூன்றாம் காசிமோ என்னும் கோமகன் இருவர்க்கும் அரண்மனை மருத்துவராயினார். 1664-இல் விரியன் பாம்பைப் பற்றி நூலொன்று வெளியிட்டு, அதன் நஞ்சு விழுங்கினாற் கொல்லாது, குருதியிற் கலந்தாலே கொல்லும் என்று நிறுவினார். பிறர் சொல்லை அவ்வாறே கொள்ளாது, கண்ணாற் கண்டு தெளிதல் அவரது இயல்பு.

புழு பூச்சிகள் அழுகிய பொருளினின்று தாமே பிறக்கும் என்பது, அரிஸ்டாட்டில் காலந்தொட்டு ஐரோப்பியர் பலரும் கொண்டிருந்த கொள்கை. நம் நாட்டு நூல்களும் நால்வகைத் தோற்றம் கூறுமிடத்து, முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன, வித்து வேர்களிற் பிறப்பன என்பவற்றோடு வேர்வையிற் பிறப்பன என ஒன்றனை வகுத்து, புழுவையும் பேனையும் அதன்கண் அடக்கின. ஆகவே இக்கருத்து ஒரு நாட்டார்க்கே உரியதன்று.

ரெடி முதலிற் செத்த பாம்புகளைத் திறந்த பெட்டியில் இட்டு நோக்கினார். அவற்றில் நெளிந்த புழுக்கள் சில நாளில் அசைவற்ற கூடுகளாயின. அக்கூடுகளினின்று ஈக்கள் வெளிப்பட்டன. அழுகும் ஊனில் முன்னரே வந்து மொய்ப்பனவும் ஈக்களேயாதலின், ஈ இட்டதே புழுவாயிற்றோ என்று ஐயுற்றார். அதனைத் தெளிய, வாயகன்ற நான்கு குப்பிகளில் முறையே பாம்பு, ஆற்றுமீன், விலாங்கு, கன்றின் இறைச்சி என்பவற்றை இட்டு இறுக மூடினார். வேறு நான்கில் அவற்றையே இட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றிற் புழு மலிந்தது. மூடியவற்றில் ஊன் அழுகியதேயன்றி ஒரு புழுவும் தோன்றிற்றில்லை. காற்றின்மையாற் புழு பிறவாதொழிந்தது என்பார்க்கு இடங்கொடாது, மெல்லிய வலைத்துணியாற் காற்றுப் புகுமாறு மூடியும் சோதித்தார். அப்பொழுதும் ஊனிற் புழு இல்லை. நாற்றம் பற்றி வந்த ஈக்கள் துணியின் மீதே புழுக்களை இட்டன.

இச்சோதனைகளை அவர் 1668-இல் நூலாக வெளியிட்டார். கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாது தம் தாய்மொழியாகிய டஸ்கன் மொழியில் எழுதினார் என்பது தமிழ் பயிலும் எமக்குப் பெருமகிழ்வு தருகின்றது. அவர் கவிஞருமாவர், தம் மொழியின் பேரகராதிப் பணியிலும் பங்கு கொண்டவர்.

1684-இல் பிற உயிர்களின் உடலினுள் வாழும் உயிர்களைப் பற்றி மற்றொரு நூல் எழுதி, நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டுண்ணிகளை விவரித்தார். ஆட்டின் ஈரலிற் காணப்படும் தட்டைப்புழுவும் அவற்றுள் ஒன்று. நத்தையினுள் வளரும் அதன் இளம்பருவம் ஒன்றிற்கு ரெடியா என்று பிற்காலத்தார் அவர் பெயரையே இட்டனர். எனினும் குடற்புழுக்கள் உடலினுள்ளேயே தோன்றுவன என்று அவரும் கருதினார். தாம் கண்ட உண்மையை இறுதிவரை செலுத்த அவரால் இயலவில்லை. 1697 மார்ச்சு 1-ஆம் நாள் பைசா நகரிற் காலமானார்.

அவர் விட்ட இடத்தினின்று பிறர் தொடர்ந்தனர். பன்றியிறைச்சியில் அரிசிமணி போற் காணப்படும் கொப்புளப்புழுவே, வேகாத ஊனை உண்பாரது குடலில் நாடாப்புழுவாகின்றது என்று ஜெர்மானிய மருத்துவர் கியூக்கன்மைஸ்டர் 1850-களிற் காட்டினார். அதுவும் வெளியினின்று புகுவதே. அந்நாடாப்புழு உடையாரது மலத்தினின்று அதன் முட்டை, கழுவாத கையாலும் கீரையாலும் வாய்புகின், மூளையிற் கொப்புளமாகி வலிப்பை விளைத்தலும் உண்டு. ஊனுண்ணாதாரும் இதற்கு விலக்கல்லர்.

ஆகவே காவல் இருவகைத்து. ஈயினின்று காக்க, உலரும் இறைச்சியை மல்துணியால் மூடுக; புழு கண்டதனை எறிக. துணி மூடினும், உள்ளுறையும் ஒட்டுண்ணி நீங்காது. அதற்கு மருந்து தீயே. உள்ளே செந்நிறம் சிறிதும் இல்லாவாறு முற்ற வேகவைத்து உண்க. கத்தியையும் பலகையையும் கழுவுக. மலங்கழித்த பின்னும் உண்ணுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவுக. புழு தானே பிறக்கும் என்று எண்ணுவோர் அதனை விதியென்று விட்டுவிடுவர். வந்த வழியை அறிந்தோரே அவ்வழியை அடைப்பர். ரெடி நமக்கு வைத்துச் சென்ற செல்வம் இவ்வறிவேயாம்.