குழந்தைக்கு விதை இறங்கவில்லையா? 260 ஆண்டுகளுக்கு முன்பே காரணம் தேடிய ஜான் ஹன்டர்!

ஆண் குழந்தை பிறந்ததும் டாக்டர் விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு விதைகளும் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். விதை எங்கிருந்து இறங்குகிறது? அதைத் தெளிவாக விளக்கியவர் ஜான் ஹன்டர்.

யார் இவர்?

1728-ல் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ அருகே 10 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பு பெரிதாக ஏறவில்லை. 20 வயதில் லண்டன் போய், உடற்கூறியல் பள்ளி நடத்திய அண்ணன் வில்லியமிடம் சேர்ந்தார். சடலங்களை அறுத்து ஆராய்வதுதான் வேலை. கல்லறையில் திருடப்பட்ட உடல்களை வைத்தும் பாடம் நடந்த காலம் அது. அந்தக் கறை இவர் பெயரிலும் உண்டு.

என்ன கண்டுபிடித்தார்?

பிறக்காமலே இறந்த சிசுக்களை ஆராய்ந்தார். விதைகள் முதலில் வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குக் கீழே இருந்தன. பிரசவம் நெருங்க நெருங்க இறங்கி வந்தன. விதையைப் பையோடு இணைக்கும் நார் போன்ற திசு ஒன்று அதற்கு வழிகாட்டுவதையும் பார்த்தார். அதற்கு 'குபர்னாகுலம்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் சுக்கான் என்று அர்த்தம். 1762-ல் அண்ணன் வெளியிட்ட நூலில் இது வந்தது. டாக்டர்கள் இன்றும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ஆபரேஷன் எப்போ வந்தது?

ஹன்டர் காலத்தில் மயக்க மருந்தே கிடையாது. காரணத்தைத் தேடியவரால் குழந்தையைக் குணப்படுத்த முடியவில்லை. 1793-ல் மருத்துவமனைக் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியபோது சரிந்து விழுந்து இறந்தார். விதையை இறக்கிப் பையில் பொருத்தும் ஆபரேஷனை எடின்பரோவில் தாமஸ் அனன்டேல் வெற்றிகரமாகச் செய்தது 1877-ல்தான்.

இன்று பெற்றோர் என்ன செய்யணும்?

குறைமாதக் குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினை அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே இறங்கிவிடும். 6 மாதமாகியும் இறங்கவில்லை என்றால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. கைக்குத் தட்டுப்படாவிட்டால் லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள் தேடுவார்கள். ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷனை முடிப்பது நல்லது.

தள்ளிப்போட்டால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம், விதைப் புற்றுநோய் ஆபத்தும் கூடும். வளர வளரச் சரியாகிவிடும் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஹன்டர் காலத்துப் பெற்றோருக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்போ இருக்கு.