அரசனை நடக்க விட்டவர்

சதுரங்கம் பழகும் நம்மில் பலர் தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறோம். இறுதியாட்டத்தை முதலில் படியுங்கள் என்று வலியுறுத்தியவர் ஒசே ரவுல் கபாபிளாங்கா.

1888-ஆம் ஆண்டு கியூபாவின் ஹவானா நகரில் பிறந்தார். நான்கு வயதில், தந்தை ஆடுவதைப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர் பாதியில் விட்டார். (நம் வீட்டில் விடுவார்களா?) 1921-இல் லாஸ்கரை வென்று உலக வெற்றியாளரானார்.

அவருடைய திறமையை அறிய, 1924-இல் நியூயார்க்கில் தர்தகோவருடன் ஆடிய ஆட்டம் ஒன்றே போதும். ஆளுக்கொரு கோட்டையும் சில சிப்பாய்களும் மட்டுமே எஞ்சியிருந்தன. கபாபிளாங்கா தம் அரசனை முன்னே நடத்தினார். தர்தகோவர் இரண்டு சிப்பாய்களை, இரண்டு முறையும் 'செக்' வைத்தே வெட்டினார். அரசன் நிற்கவில்லை. வழியில் எதிரிச் சிப்பாய் ஒன்றை வெட்ட முடிந்தும் அப்போதைக்கு விட்டுவைத்தார். அந்தச் சிப்பாயே எதிரிக் கோட்டையின் தாக்குதலை மறைத்து நின்றது! ஏழாம் வரிசையில் கோட்டை, ஆறாம் வரிசையில் அரசன், பக்கத்தில் ஒரு சிப்பாய். தர்தகோவரால் மீள முடியவில்லை.

1927-இல் ஆலெகைனிடம் பட்டத்தை இழந்தார். மறுபோட்டிக்கு எவ்வளவோ முயன்றும் அது கைகூடவேயில்லை. 1942 மார்ச்சில், நியூயார்க் சதுரங்க மன்றம் ஒன்றில் பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தவர், மறுநாள் காலமானார்.